மூச்சு விட இடம் தந்த மழை

மழையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி யாரும் என்னிடம் வரக்கூடாது. நான் பெயின்டர். கட்டடங்களுக்கு வெளிச்சுவர் அடிப்பவன். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, முதல் கோட் அடித்து முடித்துச் சாரத்திலிருந்து இறங்கி அண்ணாந்து பார்க்கும் நேரம் பார்த்துத்தான் வானம் கறுக்கும். என் ராசி அப்படி. காயாத சுவரில் நிறம் கோடுகோடாக வழிந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு மழையில் அழகு எங்கே தெரியும்? அப்போது வாயில் வருவதையெல்லாம் எழுத முடியாது. அப்படிப்பட்ட நான் இன்று மழைக்கு நன்றி சொல்கிறேன் என்றால் அதற்குக் காரணம் என் மனைவி. அவள் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லும் வேலை. நான் அங்கே தூண்களுக்கு வண்ணம் அடிக்கப் போயிருந்தேன். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே குரல் காதில் விழுந்துவிட்டது. தெளிந்த குரல். பிசிறு கிடையாது. ஒரு வாக்கியம் முடியும் இடத்தில் அடுத்த வாக்கியம் தயாராக நிற்கும். அந்தக் குரலுக்காக ஒரே தூணுக்குத் திரும்பத் திரும்ப வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி கண்டபடி திட்டினார். தூணும் பளபளத்தது, எனக்குப் பெண்ணும் கிடைத்தாள்.

என் கூட்டாளிகள் அவளுக்கு 'அறிவிப்பக்கா' என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் தெருமுனையில் நிற்கும் எனக்குக் கேட்கும். என்னோடு நிற்கும் நாலு பேருக்கும் கேட்கும். "அறிவிப்பு வந்தாச்சு, கிளம்பு" என்று அவர்களே என்னை அனுப்பி வைப்பார்கள். எங்கள் மகள் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே அம்மாவைப் போலப் பேசிக்காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் என் மனைவி பேருந்து நிலையத்தை விட்டுப் பேசும் நூலகத்துக்கு வந்தாள். பார்வை இல்லாதவர்கள் கேட்பதற்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பும் இடம் அது. அவள் அங்கே வாசிப்பாளர். நாவல், சமையல், சட்டம், குழந்தைக் கதை, பரீட்சைக்குப் படிக்கும் பாடம் என்று எது கொடுத்தாலும் வாசிப்பாள். வாசித்ததை வீட்டுக்கு வந்து எனக்கும் சொல்வாள். நான் படித்த படிப்பு கொஞ்சம்தான். எனக்குத் தெரிந்த உலக விஷயமெல்லாம் அவள் வாய்வழியாக வந்தது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த ரெக்கார்டிங் அறையை நீங்கள் பார்க்க வேண்டும். சுவர் முழுக்க மேடு பள்ளமாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். பெயின்டருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பக்கம் திருப்பும் சத்தம் கேட்கக்கூடாதென்று மேசைமேல் தடித்த கம்பளி. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டுக் கூரையை மட்டும் தகரத்தில் போட்டிருந்தார்கள். அதனால் ஒரு தூறல் விழுந்தாலும் சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஆக, அத்தனை வருஷம் அங்கே வாசித்தவள் மழை பெய்யும்போது ஒரு வரிகூட வாசித்ததில்லை.

அந்த அறையில் இன்னொரு சட்டமும் உண்டு. பதிவில் எங்கேயும் மௌனம் இருக்கக்கூடாது. கேட்கிறவர்கள் கையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். சத்தம் கொஞ்சம் நின்றாலும் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பொத்தான்களை அழுத்துவார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் ஸ்குரூடிரைவரால் பெட்டியைப் பிரித்து, துண்டு துண்டாகப் பையில் போட்டு நூலகத்துக்கே எடுத்து வந்துவிட்டார். அன்று வந்த உத்தரவு: மூச்சு, இருமல், தயக்கம், இடைவெளி, எல்லாவற்றையும் வெட்டு. ஒலிப்பதிவு செய்யும் தம்பி கம்ப்யூட்டரில் அதற்கு ஓர் ஏற்பாடு செய்து வைத்தான். அது தானாகவே எல்லா இடைவெளியையும் தேடித்தேடி வெட்டிவிடும். அவன் திரையில் ஓடும் கோடுகளைப் பார்ப்பானே தவிர, வெட்டியதை மறுபடி உட்கார்ந்து கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. நல்ல பையன், வேலையில் சுணக்கம் கிடையாது. என் மனைவிக்கும் இது வசதியாகவே இருந்தது. பேருந்து நிலையத்தில் பழகியவள் அல்லவா. அங்கே நடுவில் நிறுத்தினால் சனங்கள் தப்பான பேருந்தில் ஏறிவிடுவார்கள்.

பிறகு தொண்டை கட்டியது. சளி என்றோம், வெந்நீர் என்றோம், சரியாகிவிடும் என்றோம். சரியாகவில்லை. குரல்நாணில் ஒரு கட்டி. ஆபத்தான கட்டி இல்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தார். அதன்பின் வாரக்கணக்கில் அவள் பேசவே கூடாது. எங்கள் வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. நானே பேசி, நானே பதில் சொல்லி, கடைசியில் என்னோடு நானே சண்டையும் போட்டுக்கொண்டேன்.

குரல் திரும்பி வந்தது. ஆனால் போன ஆள் வேறு, வந்த ஆள் வேறு. தடித்து, கரகரத்து, பாதி வாக்கியத்திலேயே மூச்சு தீர்ந்துபோகும் குரல். இனி இதுதான் உங்கள் குரல், இதற்குமேல் வராது, கத்தாதீர்கள், உள்ளதை வைத்துப் பழகுங்கள் என்று டாக்டர் சொன்னார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். உயிருக்கு ஒன்றும் இல்லை என்பதே எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. அவளுக்கு அப்படி இல்லை. போன் வந்தால் என்னிடம் நீட்டிவிடுவாள். கடைக்குப் போனால் சாமானைக் கையால் காட்டுவாள். நூலகத்தில் யாராவது அவள் பதிவைப் போட்டால், பழையதோ புதியதோ, எழுந்து வெளியே போய்விடுவாள். தன் குரலைக் கேட்க அவளால் முடியவில்லை.

நூலகத் தலைவி நல்ல மனுஷி. எல்லோரும் அவரை மேடம் என்போம். உடனே பெரிய புத்தகம் வேண்டாம், ஒரு சின்னக் கவிதையை வாசித்துப் பாருங்கள், கேட்புக் குழுவுக்கு அனுப்பலாம் என்றார். கேட்புக் குழு என்பது மூன்று பேர். மூவருக்கும் பார்வை கிடையாது. எந்தப் பதிவானாலும் அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே போகும். அவர்கள் ஒத்துக்கொண்டால் என் மனைவி வாசிப்பாளராகத் தொடரலாம். இல்லையென்றால் பார்சல் அறைக்குப் போய், அனுப்புகிற பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டும். அதுவும் கௌரவமான வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாசிக்காத என் மனைவியை எனக்குப் பழக்கமில்லை. அவளுக்கே பழக்கமில்லை.

கொடுத்தது மழையைப் பற்றிய கவிதை. ஒரு பக்கம்கூட இல்லை.

முதல் துளி
கேட்டுவிட்டுப் போனது.
இலை காத்திருந்தது.

பிறகு
எல்லாம் வந்தன.

கூரை ஒரே சொல்லை
ஓயாமல் சொன்னது.
யாருக்கும் சலிக்கவில்லை.

நின்றுவிட்டது.
மரம் மட்டும்
தன்னிடம் உள்ள மழையை
மெல்லப் பெய்துகொண்டிருக்கிறது.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று என்னைத்தான் சொல்ல வேண்டும். மழை வந்தது, நின்றது, இதற்கு எதற்கு இத்தனை வரி என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். குரல் இருந்த காலத்தில் இரண்டு வார்த்தை சேர்த்துக் கொடுத்திருப்பாள்.

முதல் தடவை அவள் தன் பழைய பாணியில் வாசித்தாள். குரலில் இருக்கும் ஓட்டையை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று மூச்சைப் பிடித்து, வேகவேகமாக, வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி. கேட்புக் குழு திருப்பி அனுப்பியது. அந்தக் குழுவில் கறாரானவர் ஒரு வயலின்காரம்மா. மேடைக் கச்சேரிகளில் வாசிப்பவர், எங்களைவிட வயதில் சின்னவர். எதைத் திருப்பி அனுப்பினாலும் ஒரு வரி சொல்லி அனுப்புவார். இந்தத் தடவை சொன்னது: "சுத்தமா இருக்கு. மழைதான் இல்ல."

எங்கள் மகள் ஒரு யோசனை சொன்னாள். ஏற்ற இறக்கத்தோடு வாசி, துளி என்றால் மெதுவாக, எல்லாம் வந்தன என்றால் பலமாக. நானும் என் பங்குக்கு ஆமாம் போட்டேன். ஆடத் தெரியாதவன் அடுத்தவருக்குத் தாளம் சொன்ன கதை. அவள் அப்படியே வாசித்தாள். தொண்டை வலித்ததுதான் மிச்சம். வயலின்காரம்மா கேட்டனுப்பினார்: இவர் ஏன் இடியெல்லாம் இடிக்கிறார், கவிதையில் இடி இல்லையே.

மூன்றாவது தடவை அவள் யாரையும் கேட்கவில்லை. புத்தகத்தில் வரிகளுக்கு நடுவே வெள்ளையாக விட்டிருக்கும் இடத்தைப் பார்த்தாள். அங்கெல்லாம் நிறுத்தினாள். மூச்சும் கிடைத்தது. அன்று வீட்டுக்கு வந்தவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அவளே என்னிடம் வலிய வந்து பேசினாள். சரி, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

பதில் வந்தது. முதலில் அனுப்பியதையே மறுபடி அனுப்பியிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

அதைப் படித்துவிட்டு அவள் வெகுநேரம் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பாத்திரம் கழுவுகிற மாதிரி ஒரு நடிப்பு. குழாயில் தண்ணீர் வரவேயில்லை. நான் பக்கத்தில் போனதும் சொன்னாள்.

"நான் மாத்திப் படிச்சேங்க. நெஜமாவே மாத்திப் படிச்சேன். அது வெளியில யாருக்கும் கேக்கலன்னா, என் தொண்டையில இனிமே ஒண்ணும் இல்லன்னுதான அர்த்தம்?"

எனக்குச் சுவர் இடிந்தால் பூசத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் மேடத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டாள், திங்கள்கிழமையிலிருந்து பார்சல் அறைக்கு வருகிறேன் என்று.

அடுத்த நாள் காலை போன் அடித்தது. வழக்கம்போல நான்தான் எடுத்தேன். அந்த வயலின்காரம்மா. என் மனைவியோடு பேச வேண்டும் என்றார். அவள் பேசமாட்டாள், என்னிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் தயங்கிவிட்டு, "அண்ணா, அவங்க வாசிக்கறப்ப மூச்சே விடமாட்டாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறார்களே என்று நினைத்து, அவளிடம் இருப்பதே பாதி மூச்சுதான், அதிலும் குற்றம் கண்டுபிடிக்கிறீர்களா என்று கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார். அந்தப் பொறுமைக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன்.

பிறகு அவர் விளக்கினார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சத்தம் உண்டு, யாரும் பேசாதபோதும் அது மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும். நம் காதுக்குத் தெரியாது, அவர் காதுக்குத் தெரியும். மூன்றாவது பதிவை ராத்திரி மறுபடி போட்டுக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு வரி முடிவிலும் அந்தச் சத்தம் அறுந்து ஒட்டியிருக்கிறதாம். பழைய சுவரில் பட்டி வைத்து ஒட்டுப் போட்ட இடம் எனக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

"மூச்சு விடாம யாராலயும் வாசிக்க முடியாதுண்ணா. அவங்க நிறுத்தியிருக்காங்க. யாரோ மழையக் கத்தரிச்சுட்டாங்க."

ஒலிப்பதிவுத் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். இடைவெளியை வெட்டும் அந்த ஏற்பாடு கவிதைக்கும் சேர்த்து ஓடியிருக்கிறது. வருஷக்கணக்கில் பழகிப்போனதால் அதை நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. என் மனைவியும் தன் பதிவைக் கேட்டதில்லை. அவள் விட்ட இடைவெளி அத்தனையையும் அந்த மெஷின் தின்றுவிட்டு, ஏறக்குறைய முதல் பதிவையே மறுபடி செய்து கொடுத்திருக்கிறது. மழைக் கவிதையைப் பதிவு செய்ய மழை நிற்கும்வரை காத்திருந்து, பிறகு கவிதையில் இருந்த மழையையும் வெட்டி எறிந்த கூட்டம் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா தெரியவில்லை. அவன் அழுகிற குரலில் மன்னிப்புக் கேட்டான். போடா, தப்பு தெரிஞ்சதே பெரிசு என்றேன். உண்மையிலேயே எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவள் தொண்டையில் ஒன்றும் இல்லாமல் போகவில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் நான் எதிர்பார்த்த மாதிரி துள்ளவில்லை. வெட்டாத பதிவைத் தம்பி அனுப்பியிருந்தான். அதையும் அவள் கேட்கவில்லை. வயலின்காரம்மா கேட்டார். கேட்டுவிட்டு, இப்போது வழி திறந்திருக்கிறது, ஆனால் இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது, நேரில் வரலாமா என்று கேட்டார்.

மறுநாள் மத்தியானமே டாக்ஸியில் வந்து இறங்கினார். ஒரு கையில் மடக்குக் கோல், இன்னொரு கையில் வயலின் பெட்டி. எங்கள் கூடம் சின்னது. சோபாவில் துணி குவிந்து கிடந்தது. அவசர அவசரமாக அள்ளிப் படுக்கையறையில் போட்டேன். "துணிய எனக்காக எடுக்காதீங்கண்ணா, நான் பாக்கவா போறேன்" என்று அவரே சிரித்தார். என் மனைவியும் சிரித்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு வெளியாள் முன்னால் அவள் சிரித்தது அன்றுதான்.

அவர் வந்து உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. காலையில்தான் ஒரு பள்ளிக்கூடத்தின் முன்சுவருக்கு முதல் கோட் அடித்துவிட்டு வந்திருந்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்று வயிற்றெரிச்சலோடு வானத்தைப் பார்த்தேன். அவர்கள் இருவரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

வயலின்காரம்மா கேட்டார், "அக்கா, மூணாவது தடவை ஏன் நிறுத்தினீங்க?" புத்தகத்தில் இடம் விட்டிருந்தது, நிறுத்தினேன் என்றாள் இவள். அவர் தலையாட்டினார். வயலினை எடுத்துச் சுருதி சேர்த்தார். பிறகு ஒரு தந்தியை விரலால் ஒரே ஒரு தடவை சுண்டினார். டங்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அடுத்ததை எதிர்பார்த்தோம். வரவில்லை. கூடத்தில் மூன்று பேரும் சும்மா இருந்தோம். எனக்கே ஒரு மாதிரி நெளிச்சலாக இருந்தது. என் மனைவி பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"அடுத்தது எப்பம்மா வரும்?"

"இப்ப நீங்க உக்காந்திருக்கீங்கள்ல, இதாங்க்கா அந்த இலை."



பாட்டில் இதற்குக் கார்வை என்று பெயராம். ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே விடுகிற இடம். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், ஆனால் தாளம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்துவது வேறு, காத்திருப்பது வேறு என்றார் அவர். நிறுத்தினால் பெட்டி கெட்டுப்போன மாதிரி இருக்கும். காத்திருந்தால், கேட்கிறவர்களும் நம்மோடு சேர்ந்து காத்திருப்பார்கள்.

அடுத்து வில்லை எடுத்து எல்லாத் தந்தியின் மேலும் ஒரே வீச்சில் இழுத்தார். எல்லாம் வந்தன. பிறகு ஒரே தந்தியில், ஒரே சுரத்தை, முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டே இருந்தார். இதுதான் கூரை என்றார். இது எப்போது சலிக்கும் பார்க்கலாம் என்று நான் காத்திருந்தேன். வெளியே மழையும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. எங்கள் மாடிக்கு மேலே, பக்கத்து வீட்டு ஷெட்டில், தெருவில் நிற்கும் வண்டிகள்மேல், எங்கும் ஒரே சொல். இத்தனை வருஷம் மழையைத் திட்டியிருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. சலிக்கவில்லை. பள்ளிக்கூடச் சுவரைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன்.

அவர் வில்லைத் தூக்கினார். தந்தி உடனே ஓயவில்லை, தனக்குள் முனகி அடங்கியது. அதே நேரம் வெளியிலும் மழை குறைந்து நின்றது. இது யாரும் ஏற்பாடு செய்ததில்லை, தானாக நடந்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. எனக்குச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது. போய்ப் பார்க்கலாம் என்றால் இது வேறு. "மழை விட்டும் தூவானம் விடலியே" என்று முணுமுணுத்தேன்.

என் மனைவி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேன் என்று பயந்தேன். அவள் ஜன்னலருகே வந்து மரத்தைப் பார்த்தாள். இலையிலிருந்து இலைக்கு, அங்கிருந்து கீழே. ஒன்று விழுந்து அடுத்தது விழ நேரமாகும். அவசரமே இல்லை. அவள் கண் நிறைந்துவிட்டது.

"இத்தன நாளா நான் மழையாப் படிக்கப் பாத்திருக்கேன்," என்றாள். "மழை போயாச்சுங்க. நான் மரம்."

வயலின்காரம்மா தடவிப் பார்த்து வில்லைப் பெட்டியில் வைத்தார். என் மனைவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறக்காமலே கடைசி நாலு வரியைச் சொன்னாள். அந்தக் கரகரத்த குரலில், மூச்சு தீரும் இடத்தில் மூச்சு விட்டு, மறுபடி தொடர்ந்து. மரம் மட்டும். மூச்சு. தன்னிடம் உள்ள மழையை. மூச்சு. எழுதியவர் யாரோ, அவருக்கு என் மனைவியைத் தெரியாது. ஆனால் அவள் மூச்சு விடுவதற்கென்றே அளந்து அளந்து இடம் விட்டு வைத்திருந்தார். அந்த மனுஷனுக்கோ மனுஷிக்கோ நான் எப்படி நன்றி சொல்வேன்? பக்கத்தில் பெயர்கூடப் போடவில்லை.

சனிக்கிழமை அவள் மறுபடி வாசித்தாள். நானும் கூடப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். தம்பி அந்த வெட்டும் ஏற்பாட்டை அணைத்துவிட்டு, அணைந்துவிட்டதா என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். அவள் முதல் வரியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குச் சத்தம் கேட்காது. ஆனால் அவள் காத்திருப்பது தெரிந்தது. முன்பெல்லாம் நடுவில் நின்றால் அவள் முகத்தில் வரும் பதற்றம் இல்லை.

இந்தத் தடவை கேட்புக் குழு மூவரும் நூலகத்துக்கே வந்து கேட்பதாக மேடம் ஏற்பாடு செய்தார். ஒரு நீள மேசை, அதன்மேல் அந்தச் சின்னப் பெட்டி. வயலின்காரம்மா ஒரு பக்கம். ஒரு பிசியோதெரபி அம்மா ஒரு பக்கம். நடுவில் ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர். சத்தம் நின்றால் பொறுக்காத ஆள். முன்பு பெட்டியைப் பிரித்துப் பையில் போட்டு எடுத்து வந்தாரே, அதே பெரியவர்தான். இவரிடம் மௌனத்தைக் கொடுத்தால் உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி உள்ளே இருக்க மாட்டேன் என்று நடைபாதையில் சுவரோரம் நின்றுகொண்டாள். நான் வாசலில், அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில்.

பெட்டி பேசியது. முதல் துளி. கேட்டுவிட்டுப் போனது. இலை காத்திருந்தது.

மௌனம். ஆபரேட்டர் பெரியவரின் விரல் பொத்தானை நோக்கி நகர்ந்தது. விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அழுத்தவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதையோ எதிர்பார்ப்பவர்போல இருந்தார். பிறகு எல்லாம் வந்தன. அவர் விரலை மடக்கிக்கொண்டார். கூரை வந்தது. நின்றது. மரம் வந்தது. கடைசிச் சொல்லில் குரல் பாதி, மூச்சு பாதி. முடிந்தது.

மேடம் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நடைபாதையில் என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

ஆபரேட்டர் பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னொரு தடவை போடுங்க."

மேடம் பயந்துவிட்டார். எங்கே தப்பு என்று சொன்னால் குறித்துக்கொள்கிறேன் என்றார்.

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் அவர். "கேக்கணும்போல இருக்கு."

வயலின்காரம்மா சிரித்தார். எனக்குக் கண் மறைத்துக்கொண்டு வந்தது. சாயம் பட்ட சட்டைக்கையால் துடைத்துக்கொண்டேன். டாக்டருக்கும், அந்தத் தம்பிக்கும், வயலினுக்கும், முகம் தெரியாத கவிஞருக்கும், என் சுவர்களையெல்லாம் கெடுத்த மழைக்கும் சேர்த்து மனசுக்குள் ஒரே கும்பிடாகப் போட்டேன். மேடம் பெட்டியின் பொத்தானில் கையை வைத்தார். அப்போது எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. என் மனைவி என்னைத் தாண்டி உள்ளே போனாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த மூன்று பேரோடு நாலாவது ஆளாக உட்கார்ந்து, தன் குரலைக் கேட்டாள்.